துணைவாழ்வின் தரமும் அதனை அளக்கும் முறையும்

புதியன உணர்ந்துகொள்வதிலும் நாள்வாழ்வின் வினைகளைத் தாமே ஆற்றுவதிலும், வளர்ந்து ஆளாவதற்கு முன்பே தோன்றி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் தடையே அறிவுவளர்ச்சிக் குறைபாடு எனப்படும். அது நோயன்று, மருந்தால் நீங்குவதும் அன்று. ஆகவே அத்தகையோர் வளர்ந்து ஆளானபின் அவர்களுக்கு முதற்கண் வேண்டுவன வாழ்விடமும் துணையுமே. இங்கிலாந்தில் குடும்பத்துக்கு வெளியே இவ்விரண்டும் பெரும்பாலும் இருவழிகளில் அமைகின்றன. வீடும் பணியாளரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது உறைவிடப் பேணலகம். வீட்டின் வாடகை உடன்படிக்கை குறைபாடு உடையவர் பெயரிலேயே இருக்க, துணைப்பணியாளரை வேறொரு நிறுவனம் அனுப்புவது துணைவாழ்வு. பின்னதில், பணியாளர் பொருந்தாவிடின் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். வீட்டை இழக்க வேண்டுவதில்லை. இப்பிரிப்பே துணைவாழ்வின் அடிப்படை நெறி.

இந்நிலை எளிதில் வந்ததன்று. பெருமருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கானோரை ஒருங்கே அடைத்துவைத்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு ஜாக் டிசார்டு என்னும் உளவியல் அறிஞர், ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளைப் புரூக்லாண்ட்சு என்னும் வீட்டுக்கு அழைத்துச் சென்று, சிறு குழுக்களாகப் பேச்சும் விளையாட்டும் சூழ வளர்த்தார். மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட ஒத்த நிலையினரைவிட இக்குழந்தைகளின் பேச்சாற்றல் விரைந்து வளர்ந்தது. எனினும் அரசு அசைந்தது, கார்டிஃபு நகரின் ஈலி மருத்துவமனைக் கொடுமைகளை 1969-இன் உசாவல் அறிக்கை வெளிக்கொணர்ந்த பின்னரே. 1971-இன் வெள்ளையறிக்கை, பெருமருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்து ஊர்நடுவே வீடுகள் அமைக்கும் வழியைக் காட்டியது.

வீடு சிறிதானால் வாழ்வு சிறக்கும் என்று பலரும் நம்பினர். ஆயின் கென்ட் பல்கலைக்கழகத்தின் டிசார்டு நடுவத்தில் பணியாற்றிய ஜிம் மேன்செலும் அவர்தம் துணைவரும் ஆய்ந்தபோது, அளவாலும் பணியாளர் எண்ணிக்கையாலும் ஒத்த வீடுகளுக்கிடையே வாழ்வின் தரம் பெரிதும் வேறுபடக் கண்டனர். சுவரின் வண்ணமும் ஏடுகளின் ஒழுங்கும் அவ்வேற்றுமையை விளக்கவில்லை. பின் எதனை அளப்பது?

அவர்கள் அளந்தது ஈடுபாட்டை. நோக்கர் ஒருவர் வீட்டின் ஒரு மூலையில் ஓசையின்றி அமர்ந்து, வரையறுத்த இடைவெளிதோறும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்து, அந்நொடியில் அங்கு வாழ்பவர் என்ன செய்கிறார், பணியாளர் என்ன செய்கிறார் என்று கட்டங்களில் குறிக்கிறார். வீட்டுவேலை, பொழுதுபோக்கு, பிறரோடு உறவாடல், வெறுமனே இருத்தல் என வகைகள் பல. இதனை நொடிநோக்கு முறை எனலாம். இவ்வாறு குறித்தபோது, கடுங்குறைபாடு உடையோர் பலர் நாளின் பெரும்பகுதியை வெறுமனே கழிப்பதும், ஒரு மணி நேரத்தில் சில மணித்துளிகளே உதவி பெறுவதும் எண்களாய் எழுந்து நின்றன. பணியாளர் சோம்பியிருந்தார் என்பதில்லை. சமைத்தும் துலக்கியும் துவைத்தும் ஓய்வின்றி உழைத்தார்; வீட்டுக்கு உரியவரோ விருந்தினரைப்போல் காத்திருந்தார். மேன்செல் இதனை விடுதிமுறை என்றே குறித்தார்.

அதற்கு மாற்றாக வகுக்கப்பட்டது செயலூக்கத் துணை. அதன் உயிர்நாடி படிநிலை உதவி: கேட்டல், சொல்லல், சாடை காட்டல், செய்து காட்டல், கைபிடித்துச் செய்வித்தல் என உதவி படிப்படியாய் மிகும், தேவைக்கு மேல் ஒரு படியும் ஏறாது. தேநீர் ஆக்குதலை எடுத்துக்கொள்வோம். கெண்டியில் நீர் நிரப்பல், விசையை அழுத்தல், குவளையில் தேயிலைப்பை இடல், கொதிநீர் வார்த்தல், பால் சேர்த்தல், கலக்கல் என அது சிறுசிறு வினைகளின் கோவை. சொல்லறியா ஒருவரின் உள்ளங்கையில் பணியாளர் தேயிலைப்பையை வைத்துக் குவளையைச் சற்றே முன்னகர்த்துகிறார்; விரல்கள் தாமே மீதியை அறிகின்றன. கொதிநீரை மட்டும் பணியாளர் வார்க்கிறார். முழுவேலையும் தெரிந்தபின்தான் அடுக்களைக்குள் நுழையலாம் என்றிருந்தால், அவர் ஒருநாளும் நுழையமாட்டார். இதனை ஏட்டுப் பயிற்சியால் மட்டும் புகட்ட இயலாது. வீட்டுத் தலைவர் மேசையை விட்டெழுந்து அடுக்களையில் நின்று கண்டும் திருத்தியும் பழக்கும் வீடுகளில்தான் இம்முறை வேரூன்றுகிறது. ஆயினும் பலவிடங்களில் தலைவரின் பொழுதைப் படிவங்களே விழுங்குகின்றன. இதனைத் தரமேம்பாடு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈடுபாட்டளவு காட்டாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் இக்குறைபாடு உடையோர் பிறரினும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர். வலியால் ஒருவர் தலையில் அறைந்துகொண்டால், அதனையும் குறைபாட்டின் கூறென்றே மருத்துவர் கொள்வதுண்டு. இப்பிழையை நான் குறைநிழல் என்பேன். நாட்பட்ட மலச்சிக்கலும் உயிர்குடிக்கும். ஒருவரது நேற்றைய உணவையும் நடையையும் அறிந்த பணியாளரே அதனை முதலில் காணவல்லவர். பணியாளர் அடிக்கடி மாறும் வீட்டில் அந்நேற்றை அறிந்தவர் எவருமிலர்.

மேற்பார்வையிலும் ஒரு முடிச்சு உண்டு. இவற்றை மேற்பார்க்கும் பேணல் தர ஆணையம் உறைவிடப் பேணலகத்தை இடத்தோடு சேர்த்தே ஆய்கிறது. துணைவாழ்விலோ அது ஆய்வது உடற்பேணலை மட்டுமே, குடியிருப்பை அன்று. அது அங்கு வாழ்பவரின் வீடாகலின், உள்ளே வர ஆய்வாளரும் அவரிடமே இசைவு கேட்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் அவ்வாறு சொல்லும்போது, அது தம் விருப்பமா, அருகில் நிற்கும் பணியாளரின் விருப்பமா என்பதை வாயிலில் நின்றபடி அறியும் வழியை இன்னும் எவரும் செவ்வனே வகுக்கவில்லை.