வஞ்சிரத்தின் விலையும் வருணின் விலையும்

எங்கள் தெருப் பையன் ஒருவன் இருக்கிறான். மார்ச்சில் மாட்டிய மஞ்சள் சட்டையை மே கடைசிவரை கழற்ற மாட்டான். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சாய் சுதர்சன், வருண், நடராஜன், வாஷிங்டன்... எல்லாம் நம்ம பசங்கண்ணே. ஒருத்தனையும் சென்னை எடுக்கல. எவன் வீட்லயோ போய்ப் பொளக்குறானுங்க. வயிறு எரியுது."

வயிற்றெரிச்சலுக்கு ஒரு வாயில் பதில் சொல்ல முடியாது. இன்னொரு டீ சொன்னேன்.

தம்பி, நீ சொன்னது இன்றைக்கு உட்கார்ந்து போட்ட பட்டியல். ஜெயித்தவனை மட்டும் பொறுக்கியிருக்கிறாய். ஐபிஎல் ஏலம் முடிந்த அன்று ராத்திரியே யார் எங்கே, எத்தனை ரூபாய்க்குப் போனார் என்று எழுதிவைத்து, நாலு வருடம் கழித்துப் பிரித்துப் பார். முதலில் முருகன் அஷ்வின் பெயர் வரும். 2016 ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். புனே அணி 4.5 கோடி கொடுத்தது. அன்றைக்குப் பத்திரிகையெல்லாம் அவர்தான். 2019க்கு பஞ்சாப் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. உன் பட்டியலில் அவர் இல்லையே, ஏன்? அவரை விட்டதற்கு யாருக்கும் வயிறு எரியவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிட்டாய். 2016, 2017 இரண்டு வருடமும் சென்னை அணிக்குத் தடை. நடராஜனை 3 கோடிக்கு பஞ்சாப் எடுத்ததும், வாஷிங்டன் சுந்தர் புனேக்குப் போனதும் 2017இல். ஏல அறையில் சென்னைக்கு நாற்காலியே கிடையாது. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு நடராஜனை எடுத்தபோது சென்னையும் அங்கே இருந்தது. அதற்கு வேண்டுமானால் நீ கோபப்படலாம்.

விலைக்கு வருவோம். நம்ம புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்திருப்பாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வஞ்சிரம் என்ன விலை விற்கும்? மீனுக்கு ருசி கூடிவிட்டதா? வரத்து இல்லை, அவ்வளவுதான். ஒரே மீனுக்கு இரண்டு ஓட்டல்காரர் மல்லுக்கு நின்றால் விலை இன்னும் ஏறும். கிரிக்கெட் ஏலமும் இதே கதைதான். யார்க்கர் போடும் இடக்கை வேகம், பிடிபடாத சுழல், கடைசி ஓவரில் சிக்ஸர் அடிக்கும் இந்தியன், இதெல்லாம் வரத்து குறைந்த சரக்கு. இரண்டு அணிகளின் பையில் பணம் மிச்சமிருந்து, இரண்டுக்கும் அதே ஓட்டை இருந்தால் 20 லட்சம் எட்டுக் கோடியாகும். மூன்றாவது அணிக்கு அந்த ஓட்டையே இல்லாவிட்டால் அது கையைத் தூக்காது.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்குப் பள்ளிப் பையன்களுக்கே நட்சத்திரம் போடுவார்கள், அஞ்சு நட்சத்திரம் வரைக்கும். ஆனால் எந்தக் கல்லூரி என்பதை அங்கே பையன்தான் முடிவுசெய்வான். கிடைக்காத கல்லூரிக்காரன் உன்னைப் போலவே வருடக்கணக்காக அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பான். இங்கே பையனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சுத்தியல் எங்கே விழுகிறதோ அங்கே.

விழுந்த பிறகு நடப்பதுதான் பெரிய விஷயம். வருணையே எடு. கட்டடக்கலை படித்தவர், 2018இல் தமிழ்நாட்டு உள்ளூர் லீக்கான டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடி எல்லாரையும் திணறடித்தவர். அந்த டிசம்பரில் பஞ்சாப் 8.4 கோடி கொடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலையே அதுதான், உனத்கட்டுக்கும் அதே தொகை. முதல் ஆட்டம் ஈடன் கார்டனில். முதல் ஓவரில் 25 ரன். விரலில் காயம் வேறு. அந்த சீசனில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். பஞ்சாப் விட்டுவிட்டது. அன்றைக்கு நீயும் நானும் இதே கடையில் உட்கார்ந்து, "நல்லவேளை நம்மாளுங்க மாட்டிக்கல" என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது, பாதி விலைக்கும் குறைவு. அங்கே கேப்டன் தினேஷ் கார்த்திக், பக்கத்திலேயே சுனில் நரைன். தமிழில் பேசிப் புரியவைக்க ஒருவர், அதே வித்தையில் ஊறிய இன்னொருவர். 2020இல் 17 விக்கெட், டெல்லிக்கு எதிராக 20 ரன்னுக்கு 5. 2024இல் 21 விக்கெட்டோடு கோப்பை. ஆள் அதே ஆள்தான். பஞ்சாபிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னையில் நடந்திருக்கும் என்று நீ அடித்துச் சொல்வதும் அதே ரகம்தான்.

நடராஜன் கதை இன்னும் பொறுமை கேட்கும். சின்னப்பம்பட்டியிலிருந்து 3 கோடிக்குப் போனவருக்கு பஞ்சாபில் கிடைத்தது 2 விக்கெட். ஹைதராபாத்தில் 2018, 2019 இரண்டு சீசனும் பெஞ்சு. 40 லட்சம் ஆள் என்பதால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. என் அபிப்பிராயம், அந்த மலிவு விலைதான் அவரைக் காப்பாற்றியது. 2020இல் 16 விக்கெட். அதையடுத்து வந்த ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியத் தொப்பி.

சாய் சுதர்சனை 2022இல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல்லைவிட உள்ளூரில் விலை கூட! அந்த வருட ஐபிஎல் இறுதிப்போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. 2025இல் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. இதில் சென்னை கோட்டைவிட்டது நிஜம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மற்ற அணிகளும் சேர்ந்துதான் கோட்டைவிட்டன.

தம்பி டீயை முடித்துவிட்டு, "அப்ப நம்ம ஊருக்கு யாருண்ணே வர்றா?" என்றான். நல்ல கேள்வி. இந்தக் கதையில் புதுச்சேரியும் ஒரு "எவன் வீடோ"தான். 2018-19இல் ரஞ்சிக்குள் நுழைந்தோம். வெளி மாநிலத்தார் வந்து தோள் கொடுத்தார்கள். இமாச்சலத்தின் பரஸ் தோக்ரா முதல் சீசனிலேயே சிக்கிமுக்கு எதிராக 253 அடித்தார். 2022இல் ரஞ்சி வென்ற மத்தியப் பிரதேச அணியில் இருந்த கௌரவ் யாதவ் பிறகு இங்கே வந்தார். 2024 ஜனவரியில் டெல்லியை டெல்லியிலேயே 9 விக்கெட்டில் சாய்த்தோம். அதில் அவருக்கு 10 விக்கெட். போபாலில் ஒரு டீக்கடையில் யாரோ வயிறு எரிந்திருப்பார்.

இன்னொரு பெயரும் சொன்னேன், சாந்தமூர்த்தி. 2021 ஜனவரி, சையது முஷ்டாக் அலி கோப்பை. மும்பையை 94 ரன்னில் சுருட்டி ஜெயித்தது புதுச்சேரி. சாந்தமூர்த்தி 20 ரன்னுக்கு 5 விக்கெட். அன்று அவருக்கு வயது 41.