மூசைக்குத் தப்பிய வெள்ளி

ராஜஸ்தான் கிராமங்களில் பெண்களுக்கு வெள்ளி நகைதான் வங்கி. மழை பொய்த்தால் மாமியார் போட்ட காப்பும் தண்டையும் அடகுக் கடைக்குப் போகும். மீட்க முடியாவிட்டால் அடுத்த இடம் தட்டாரின் மூசை. அங்கே எடைக்குத்தான் காசு, வேலைப்பாட்டுக்கு அல்ல.

அந்த வேலைப்பாட்டுக்கும் விலை உண்டு என்று நம்பியவர்கள் வரலாறு படித்த இரு நண்பர்கள்: ராஜீவ் அரோரா, ராஜேஷ் அஜ்மேரா. 1978இல், வைசாலி நகரின் புகழ்பெற்ற கணிகையின் பெயரால் 'ஆம்ரபாலி' என்ற சிறு நிறுவனத்தை ஜெய்ப்பூரில் தொடங்கினார்கள். ஊர் ஊராகத் தேடி வாங்கிய பழங்குடியினரின் நகைகளே மூலதனம். அவற்றை மாதிரியாக வைத்துக் கைவினைஞர்கள் புதிய நகைகளைச் செய்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. அரிய பழைய நகையை விற்றால் கையில் பணம். ஆனால் மாதிரி போய்விடும். எனவே சிறந்தவற்றை விற்காமல் ஒதுக்கி வைத்தார்கள். தொழில் வளர்ந்தது. 2004இல் வெளியான ஹாலிவுட் படம் 'ட்ராய்'க்கும் நகைகள் இங்கிருந்து போயின. ஒதுக்கி வைத்த நகைகளுக்கு 2018இல் ஜெய்ப்பூரிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கிராமத்து அடகுக் கடைத் தராசு மட்டும் மாறவில்லை. அது இன்னும் எடையைத்தான் பார்க்கிறது.