தோற்றவருக்கும் மணியடிக்கும் மெஷின்

கேசினோவில் இருபது சென்ட் கிடைத்ததும் ஸ்லாட் மெஷின் மணியடிக்கிறது. விளக்குகள் மின்னுகின்றன, குதூகலமான மெட்டு ஒன்று எழுகிறது, திரையில் எண்கள் மளமளவென்று ஏறுகின்றன. ஆனால் அந்தச் சுற்றுக்கு ஆட்டக்காரர் கட்டிய பணம் ஒரு டாலர். கணக்குப்படி அவர் 80 சென்ட் தோற்றிருக்கிறார். தோற்றவரைத்தான் மெஷின் இவ்வளவு ஆரவாரமாக வாழ்த்துகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோவிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது வாட்டர்லூ பல்கலைக்கழகம். அங்கே உளவியல் பேராசிரியரான மைக் டிக்சன் இந்த மணியோசையைப் பல ஆண்டுகளாகத் துருவியவர். சூதாட்டம் அவருடைய முதல் துறை அல்ல. எண்ணைப் பார்த்தால் கூடவே நிறமும் தெரிகிற அபூர்வமான மனிதர்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஐந்தும் இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் என்று தலைப்பிட்ட அவர் குழுவின் கட்டுரை 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒன்று, மனம் காண்பது வேறொன்று என்பதை அளந்து பழகியவருக்கு ஸ்லாட் மெஷின் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கோவா கேசினோக்களுக்குப் போனவர்கள் ஸ்லாட் மெஷினைப் பார்த்திருப்பார்கள். ஒன்டாரியோவில் வாழும் நம் ஈழத்து உறவுகளுக்கு அது இன்னும் பக்கம். டொரன்டோவின் ஸ்கார்பரோவை அடுத்த பிக்கரிங்கிலேயே 2021-இல் பெரிய கேசினோ ஒன்று திறந்துவிட்டது.

பழைய மெஷினில் மூன்று சக்கரம், நடுவில் ஒரே ஒரு கோடு. மூன்றிலும் ஒரே படம் வந்து நின்றால் ஜெயம், இல்லாவிட்டால் தோல்வி. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. இன்றைய மெஷின் கண்ணாடித் திரை. ஐந்து சக்கரங்களின் படங்கள் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் பல கோடுகளில் சேர்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாகப் பணம் கட்டலாம். இருபது கோடுகளுக்குத் தலா 5 சென்ட் கட்டினால் ஒரு டாலர். பத்தொன்பது கோடுகள் வெறுமையாகி, ஒன்றில் மட்டும் 20 சென்ட் விழுந்தால், மெஷின் அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசும். பத்தொன்பதைப் பற்றி மூச்சு விடாது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர், வெற்றி வேடம் போட்ட தோல்வி.

டிக்சனோடு சேர்ந்து உழைத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் கெவின் ஹாரிகன். மெஷினுக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சக்கரத்தில் எந்தப் படம் எத்தனை முறை, எந்தச் சேர்க்கைக்கு என்ன வாய்ப்பு என்பதெல்லாம் ‘பார் ஷீட்’ எனப்படும் வடிவமைப்புத் தாளில் இருக்கும். ஒன்டாரியோவின் தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டித்தான் அந்தத் தாள்களை அவர்கள் வாங்கினார்கள். 2009-இல் இருவரும் எழுதிய கட்டுரையில் ஒரு விவரம் எனக்கு மறக்கவில்லை: அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மெஷின்கள், கட்டிய பணத்தில் திருப்பித் தரும் சதவீதத்தில் பெரிதும் வேறுபடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

உளவியல் வகுப்பில் சூதாட்டம் என்றதும் உளவியலாளர் ஸ்கின்னரின் புறா வந்துவிடும். எத்தனை கொத்தலுக்கு ஒருமுறை தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்டக் கருவியும் அதே விதியில்தான் ஓடுகிறது என்று ஸ்கின்னரே 1953-இல் எழுதினார். பல வகுப்புகளில் பாடம் இதோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. புறாவுக்குத் தானியம் என்றால் தானியம்தான். ஒரு தானிய மணியைப் போட்டுவிட்டு இரண்டு மணி தானியமாக அதன் கணக்கில் எழுத யாராலும் முடியாது. மனிதனிடம் அந்தக் கணக்கே புரண்டுவிடுகிறது. எதை அவன் வெற்றியென்று எடுத்துக்கொள்கிறான் என்ற கேள்வியைத்தான் வாட்டர்லூ ஆய்வகம் கையில் எடுத்தது.

கேட்டால் வாய் பொய் சொல்லும், அல்லது தெரியாமல் தப்பாகச் சொல்லும். எனவே விரல்களில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். பரபரப்பு வந்தால் தோலில் நுண்ணிய வியர்வை சுரக்கும், அதன் வழியே மின்சாரம் சற்று எளிதாகப் பாயும். அந்த ஏற்றத்தை அளந்துவிடலாம். நாற்பது பேரை உட்காரவைத்து, ஒன்டாரியோ கேசினோக்களில் ஓடிய ‘லாப்ஸ்டர்மேனியா’ என்ற சிங்கி இறால் பிடிப்பு ஆட்டத்தை ஆடச் சொன்னார்கள். முடிவு 2010-இல் ‘அடிக்‌ஷன்’ இதழில் வந்தது. உண்மையான வெற்றிக்கும் வேடமிட்ட தோல்விக்கும் தோல் ஏறக்குறைய ஒரே அளவில் சிலிர்த்தது. எதுவும் கிடைக்காத வெறும் தோல்விக்கு அந்த அளவு சிலிர்ப்பு இல்லை. போனது 80 சென்ட் என்பது உடம்புக்கு எட்டவே இல்லை.

சத்தத்துக்கு இதில் பங்கு உண்டா? 2014-இல் வந்த ஆய்வில் 96 பேர் ஒருமுறை ஒலியோடும் ஒருமுறை ஒலியில்லாமலும் ஆடினார்கள். எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, ஒலியில்லாத ஆட்டத்திலேயே உண்மையைவிட 15 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். ஒலி இருந்தபோது அது 24 சதவீதமானது. அடுத்து இன்னொரு சோதனை. வேடமிட்ட தோல்வி வரும்போது கொண்டாட்ட மெட்டுக்குப் பதிலாகத் தோல்விக்குரிய ஒலியைப் போட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தோல்வி தோல்வியாகவே தெரிந்தது. சக்கரம், படம், வாய்ப்பு எதையும் தொடவில்லை, மாற்றியது ஒலியை மட்டும்.

நூலிழையில் தவறிய ஆட்டம் வேறு கதை. இரண்டு ஜாக்பாட் படங்கள் நின்று மூன்றாவது ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். லூக் கிளார்க்கின் கேம்பிரிட்ஜ் குழு 2009-இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்து, ஜெயிக்கும்போது விழிக்கும் பகுதிகள் இப்படித் தவறும்போதும் விழிக்கின்றன என்றது. கிளார்க் பிறகு வான்கூவரில் சூதாட்ட ஆய்வு மையம் ஒன்றுக்குத் தலைவரானார். டிக்சன் குழுவோ கையைக் கவனித்தது. தீனி கிடைத்த விலங்கு சற்று நின்று அனுபவித்துவிட்டுத்தான் மறுபடி வேலையைத் தொடங்கும். ஸ்லாட் ஆடுகிறவரும் ஜெயித்தால் கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்த பொத்தானை அழுத்துகிறார். நூலிழையில் தவறியவரின் தோல் நன்றாகச் சிலிர்க்கிறது, ஆனால் கை தாமதிப்பதில்லை, சட்டென்று அழுத்துகிறது. அது இனிப்பு அல்ல, எரிச்சல் என்று 2013 கட்டுரை வாதிட்டது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த அவசரக் கையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு டிக்சன் பக்கம் சாயத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

பின்னாளில் அவர் கவனம் இன்னும் இருண்ட ஒன்றின் மேல் திரும்பியது. பணத்துக்காக ஆடவில்லை, அந்த மயக்கத்துக்காகவே ஆடுகிறேன் என்கிற ஆட்டக்காரர்கள் உண்டு. லாஸ் வேகாஸில் ஆண்டுக்கணக்கில் அவர்களோடு பேசிய மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் 2012-இல் எழுதிய புத்தகமே அதைப் பற்றியதுதான். பல கோட்டு மெஷின்களில் சின்னச் சின்ன மணியோசை விடாமல் வந்துகொண்டிருப்பதால் மனம் அலையாமல் அங்கேயே கிடக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது தற்காலிக நிழல். இந்த ‘இருண்ட லயிப்பு’ம் மனச்சோர்வும் சூதாட்டச் சிக்கலும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதை டிக்சன் குழு காட்டியது. அப்படிப்பட்டவரிடம் போய், வாய்ப்பு விகிதம் இவ்வளவுதான் ஐயா என்று கணக்குப் பாடம் நடத்தி என்ன பயன்? அவர் ஜெயிக்க வந்தவரே இல்லை.

ஆனாலும் பாடம் முற்றிலும் வீண் என்று சொல்லிவிட முடியாது. வேடமிட்ட தோல்வி என்றால் என்னவென்று விளக்கும் சிறிய அசைபடத்தை ஆட்டத்துக்கு முன் போட்டுக்காட்டியபோது, பார்த்தவர்கள் தங்கள் வெற்றிகளைச் சரியாக எண்ணத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுரை 2017-இல் வந்தது. படம் காட்டுவது நல்லதுதான். ஆனால் ஏமாற்றும் ஒலியை மெஷினில் விட்டுவைத்து, ஏமாறாதே என்று ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஒன்டாரியோவில் ஸ்லாட் வருமானம் அரசுக் கழகத்துக்குப் போகிறது, அதிலிருந்து ஒரு சிறு பங்கு சூதாட்டச் சிக்கல் ஆய்வுக்கு வந்திருக்கிறது. பணம் வரும் வழியையும் போகும் வழியையும் ஒரே கை கட்டுப்படுத்தும்போது, மெஷினைவிட மனிதனைத் திருத்துவது சௌகரியமாகத்தான் இருக்கும்.

மெஷினைத் திருத்தியவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலங்களில் இத்தகைய தோல்விக்குக் கொண்டாட்ட ஒலி கூடாது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இணைய ஸ்லாட்டுகளுக்கு 2021 அக்டோபர் முதல் அதையே விதியாக்கியது. ஒரு சுற்று தொடங்கி அடுத்தது தொடங்கக் குறைந்தது 2.5 வினாடி ஆக வேண்டும், தானாக ஓடும் ஏற்பாடு கூடாது. உட்கார்ந்தது முதல் மொத்தத்தில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் ஆட்டக்காரரின் திரையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.