ஒரு சோறு பதமாகுமா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. சோறு வெந்ததா என்று அறியப் பானை முழுவதையும் உண்டு பார்க்க வேண்டுவதில்லை. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாலே போதும். புள்ளியியலின் உயிர்நாடியே இக்கருத்தில் அடங்கியுள்ளது. ஆனால் ஒரு பருக்கை பதமாவது ஏன்? நீர் கொதித்து, அரிசி மேலும் கீழும் புரண்டு, பானை எங்கும் ஒரே வெப்பம் பரவுவதனாலேயாம். அவ்வாறு கலந்து புரளாத ஒன்றிலிருந்து மாதிரி எடுக்க நேர்ந்தால் என் செய்வது?

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மிகுந்த ஆண்டில் மேட்டு வயலில் சம்பா நெல் செழித்து நிற்கும். பள்ளத்து வயலிலோ நீர் தேங்கிப் பயிர் அழுகும். இக்கிராமங்களின் விளைச்சலை எவ்வாறு அளப்பது? ஒவ்வொரு வயலையும் நிறுத்துப் பார்க்க ஆளும் பொழுதும் போதா. முற்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் அதிகாரிகள் பயிரைக் கண்ணால் பார்த்து, முழு விளைச்சலில் இத்தனை அணா என்று மதிப்பிட்டு எழுதினர். கண் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும் அன்றோ?

1920-களில் பீகார்-ஒரிசா மாகாணத்தில் ஹப்பாக் என்ற அதிகாரி, வயல்களைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகத் தேர்ந்து, சிறு துண்டு நிலங்களில் நெல்லை அறுத்து நிறுத்துப் பார்த்தார். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிசு, வங்காளத்தில் இம்முறையை விரிவாக்கினார். சுகாத்மே, பான்சே ஆகிய அறிஞர்கள் 1940-களில் இதனை நாடு தழுவிய முறையாக வகுத்தனர். அறுக்கும் துண்டு மிகச் சிறியதாயின், எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரும் உள்ளே சேர்க்கப்பட்டு விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்பதைச் சுகாத்மே எடுத்துக் காட்டினார்.

இன்று 'பயிர் அறுவடைப் பரிசோதனை' என வழங்குவது இதுவே. கிராமத்தில் எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண்கள் முடிவு செய்கின்றன. அவ்வயலில் எந்த இடம் என்பதையும் அவ்வெண்களே காட்டுகின்றன. அங்கே 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட சதுரத்தைக் கயிறு கட்டி அளந்து, கதிரறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நிறுப்பர். சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஒரு எக்டேர் அதுபோல் 400 மடங்கு.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வயல்களில் கிடைத்த காய்ந்த நெல் 11, 12, 13, 4 கிலோ. சராசரி 10; எக்டேருக்கு 4,000 கிலோ. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளில், நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்குக் கிராமமே அலகு; அதில் குறைந்தது நான்கு பரிசோதனைகள். முந்திய ஆண்டுகளின் விளைச்சலைக் கொண்டு வகுத்த உத்தரவாத அளவு 5,000 கிலோ என்று கொண்டால், குறைவு ஐந்தில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு உழவர்களுக்குக் கிடைக்கும். ஆனால், நீர் தேங்கிய வயலுக்குச் செல்லச் சோம்பி, சாலையோரத்து நல்ல வயலை ஒருவர் அறுத்து 14 கிலோ கண்டால் என்னவாகும்? சராசரி 12.5, எக்டேருக்கு 5,000. இழப்பீடு ஒரு காசும் இல்லை! ஒரு சதுரம் இடம் மாறியதால் ஊர் முழுவதும் இழக்கிறது. தேர்வைத் தற்செயலுக்கு விடுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அந்நான்கு எண்களைப் பட்டை வரைபடமாகத் தீட்டுங்கள். மூன்று பட்டைகள் உயர்ந்தும் ஒன்று குட்டையாகவும் நிற்கும். சராசரி மறைத்த துயரத்தை வரைபடம் வெளிப்படுத்திவிடுகிறது. ஆயினும் வரைபடமும் பொய் சொல்ல வல்லது. 4,000, 5,000 என்னும் இரண்டையும் சுழியிலிருந்து வரைந்தால், பட்டைகள் நாலுக்கு ஐந்து என்ற அளவில் அமையும்; 3,800-இலிருந்து வரைந்தால், ஒன்று மற்றொன்றைப் போல் ஆறு மடங்கு உயர்ந்து தோன்றும். எண்கள் மாறவில்லை, அடிக்கோடு மட்டுமே மாறியது.

மாதிரிகளைப் பெருக்கினால் பிழை குறையும். ஆனால் பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். துல்லியத்திற்கு விலை உண்டு. பாரபட்சமாகத் தேர்ந்த மாதிரியையோ எத்தனை மடங்கு பெருக்கினாலும் பயன் இல்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, நாளை ஒரு செய்தித்தாளில் சராசரியையோ வரைபடத்தையோ காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: மாதிரியை எவ்வாறு தேர்ந்தார்கள்? எத்தனை எடுத்தார்கள்? அளவுக்கோடு எங்கே தொடங்குகிறது? விடை கிடைத்த பின்னரே அந்த ஒரு சோற்றைப் பதம் என்று நம்புங்கள்.