ஏழு ஏரிகள் நிரம்பினாலும் தாராவியில் காலிக் குடம்

தாராவிவாசியிடம் வீட்டு எண்ணைக் கேட்டால் சற்று யோசிப்பார். அவருடைய சந்தில் தண்ணீர் எப்போது வரும் என்று கேளுங்கள். நிமிடக் கணக்கில் சொல்லி விடுவார்.

அங்கே குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. சில மணி நேரம்தான். அதுவும் சந்துக்குச் சந்து நேரம் மாறும். அதை ஒட்டியே சமையல், குளியல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஷிப்ட் வேலை எல்லாம். ஒரு நாள் அயர்ந்து தூங்கி விட்டால் அன்றையப் பொழுது போயிற்று.

இட்லிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாராவியில் அவித்த இட்லியைச் சுமந்துகொண்டு மும்பைத் தெருக்களில் விற்கப் போகும் தமிழர்கள் ஏராளம். அரிசி ஊறவைக்கத் தண்ணீர், மாவு ஆட்டத் தண்ணீர், பாத்திரம் கழுவத் தண்ணீர். குழாய் ஏமாற்றினால் மறுநாள் வியாபாரம் இல்லை. அடுக்குமாடிக் கட்டிடத்தில் தண்ணீர் நின்றால் அது ஒரு தொல்லை. இங்கே கூலியே போய்விடும்.

ஏரியில் தண்ணீர் இல்லையா?

மும்பைக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள்: விகார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா. இவற்றில் மூத்தது விகார். 1854-ல் மழை பொய்த்து, கால்நடைகளை ஊரை விட்டு வெளியே ஓட்ட வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பிறகு வெட்டி, 1860-ல் முடித்த ஏரி அது.

இன்று நகரத்துக்கு வருவது தினம் சுமார் 385 கோடி லிட்டர். 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 24 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 300 லிட்டருக்கு மேல்! கசிவு, திருட்டு என்று கால் பங்குக்கு மேல் வழியிலேயே போகிறது. போகட்டும். அப்போதும் மிச்சம் கொஞ்சமல்ல.

ஆனால் பங்கீடு? கட்டிடவாசிக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45 லிட்டர் என்பது மாநகராட்சி நெடுங்காலம் வைத்திருந்த கணக்கு. 15 லிட்டர் குடத்தில் மூன்று குடம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் தண்ணீர்தான் மித்தி ஆறாகிறது. அந்த ஆறு தாராவியை உரசிக்கொண்டு போய் மாகிமில் கடலில் சேருகிறது. ஏரியை விட்டபோது நல்ல தண்ணீர். தாராவிக்கு வரும்போது சாக்கடை.

தேதி பார்த்த தண்ணீர்

ஏரிக்கும் குடத்துக்கும் நடுவே குழாய் மட்டும் இல்லை, காகிதமும் இருக்கிறது. 1995 ஜனவரி 1-ந் தேதிக்குப் பிறகு எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் இணைப்பு கூடாது என்று மராட்டிய அரசு 1996-ல் சுற்றறிக்கை விட்டது. பின்னர் அந்தத் தேதி 2000-க்குத் தள்ளிப்போயிற்று. தாகம் தேதி பார்த்தா வருகிறது? காகிதம் இல்லாதவர்கள் குடம் கணக்கில் விலைக்கு வாங்கினார்கள். ஆயிரம் லிட்டருக்கு மாநகராட்சி குடிசைவாசியிடம் வாங்குவது பத்து ரூபாய்கூட இல்லை. வெளியே வாங்குகிறவன் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறான். ஏழைக்குத்தான் தண்ணீர் விலை அதிகம்.

பானி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2014 டிசம்பரில் மும்பை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: தண்ணீர் பெறுவது உயிர் வாழும் உரிமையில் அடங்கும், குடிசை சட்டவிரோதமானது என்பதற்காக அதில் வாழ்பவனுக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. 'எல்லோருக்கும் தண்ணீர்' என்ற திட்டத்தை மாநகராட்சி கொண்டுவந்தது 2022-ல். நடுவில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

உலகம் எப்போது திரும்பிப் பார்க்கிறது?

2016-ல் மராட்டியத்தின் லாத்தூர் வறண்டது. மீரஜில் இருந்து ரெயிலில் தண்ணீர் போயிற்று. அந்தக் கோடையில் ஏப்ரல் 30-க்குப் பிறகு ஐ.பி.எல். கிரிக்கெட்டை மாநிலத்துக்கு வெளியே நடத்தும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது, நாடே பேசியது. 2019-ல் சென்னையின் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வந்தது. ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவரை கவலைப்பட்டார். 1977-க்குப் பிறகு 46 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில் ஐ.நா. சபை நியூயார்க்கில் தண்ணீர் மாநாடு கூட்டியது.

வெடித்த ஏரியைப் படம் பிடிக்கலாம். விடியுமுன் சந்தில் குடத்தோடு நிற்கும் பெண்ணை யார் படம் பிடிப்பார்கள்? அவளுக்கு இது ஒரு கோடையின் பஞ்சம் அல்லவே, அன்றாடம். மும்பைக்குத் தண்ணீர் தரும் பெரிய அணைகள் இருக்கும் ஷாகாப்பூர் தாலுகாவிலும் இதே கதைதான். தான்சாவும் பாத்சாவும் பக்கத்திலேயே கிடக்க, கோடையில் அந்தக் கிராமத்துப் பெண்கள் டாங்கர் லாரியை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஏரிகள் நிரம்பும். பத்திரிகைகளில் படம் வரும். தண்ணீர் வெட்டு இருந்தால் ரத்தாகும். அதற்கு மறுநாளும் தாராவிச் சந்தில் குழாய் திறப்பது அதே சில மணி நேரத்துக்குத்தான்.