சுவாமிமலையில் வார்ப்பு

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையிலேயே உருவாகின்றன. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் ஸ்தபதி முதலில் உருவத்தை வடிக்கிறார். அளவுகோல் ஒரு தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தால் முகம், மார்பு, தொடை அளவுகள் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

மெழுகின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால், மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகக் குழம்பு இறங்குகிறது. பெரிய சிலைக்கு ஒருவர் கை போதாது. மூத்தவர் பதம் பார்த்துச் சொல்ல, இளையவர்கள் கொதிக்கும் உலோகம் நிறைந்த மூசையை இடுக்கியால் தூக்கி இடைவிடாமல் ஊற்றவேண்டும். ஊற்று தடைபட்டால் சிலையில் குறை விழும். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு சிலையைப் போல இன்னொன்று அச்சு அசலாக அமையாது. அரமும் உளியும் பிடித்து நாள்கணக்கில் செதுக்குவதே உண்மையான உழைப்பு.

2023 செப்டம்பரில் ஜி20 மாநாடு நடந்த டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிற்கும் 27 அடி நடராஜர், ராதாகிருஷ்ணன் ஸ்தபதி குழுவினர் சுவாமிமலையில் செய்தது. எடை சுமார் 18 டன்.