மீன்பிடிச் சாமான்களுக்கு ஏற்ற பழைய மோட்டார் வண்டி

வலையையும் துடுப்பையும் தோளில் சுமந்துகொண்டு மீனவர் கடற்கரைக்கு நடந்து சென்ற காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று படகு நிற்குமிடம் ஒன்று, குடியிருப்பு வேறொன்று, மீன் விலைபோகும் சந்தை மற்றொன்று என்றாகிவிட்டது. உள்நாட்டுக் கிராமங்களிலும், ஊராட்சிக் குளங்களின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் எடுப்போர், வலை, பரிசல், ஐஸ் பெட்டி ஆகியவற்றைக் குளத்துக்குக் குளம் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. வாடகை வண்டியை நம்பினால் நேரத்திற்குக் கிடைப்பதில்லை. புதிய வண்டி வாங்கவோ பலருக்குக் கையில் முதல் இல்லை. ஆகவே பழைய வண்டியை நாடுகின்றனர்.

இதில் தவறு ஒன்றுமில்லை. ஆயினும், நெல் மூட்டை ஏற்றுவதற்கு வாங்கும் பழைய வண்டியைப் பார்ப்பது போல மீன்பிடித் தொழிலுக்கான வண்டியைப் பார்த்தல் போதாது. உப்பு நீர், ஈரச் சுமை, அதிகாலைப் பயணம் ஆகிய மூன்றையும் அது தாங்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் தொழில் நிற்கும், மீன் கெடும். கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாக இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சுமையின் கணக்கு

வண்டியைத் தேடிப் புறப்படுமுன் சுமையைக் கணக்கிட வேண்டும். நமது வெப்பத்தில் மீன் கெடாதிருக்க, மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் தேவை என்பது பொதுவான அளவு. எடுத்துக்காட்டாக, 200 கிலோ மீனைச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கு ஐஸ் 200 கிலோ. நனைந்த வலைகள் 100 கிலோ என்று கொள்வோம். சுமார் 10 குதிரைச் சக்தியுள்ள வெளிப்புற எஞ்சின் ஏறத்தாழ 40 கிலோ. 20 லிட்டர் எரிபொருள் கேன்கள் இரண்டு 35 கிலோ. பெட்டிகளும் தார்ப்பாயும் 25 கிலோ. ஆகமொத்தம் 600 கிலோ. உலர்ந்த வலையை நிறுத்துக் கணக்கிடுவோர் ஏமாந்து போவர். வலை திரும்பி வரும்போது தண்ணீரையும் சேர்த்தே சுமக்கிறது.

இந்த அளவுக்கு, 2005-ல் விற்பனைக்கு வந்த டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டி போதுமானது. அதன் தொடக்க கால வண்டிகள் முக்கால் டன் அளவு ஏற்றவல்லவை. இரண்டு மூன்று படகுகளின் சாமான்களைச் சேர்த்து ஏற்றுவதானால், அதைவிடப் பெரிய, 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றை நோக்கலாம். மாருதி ஆம்னி, ஈகோ போன்ற மூடிய வேன்கள் தூண்டில், சிறு வலை, இரண்டொரு பெட்டி அளவில் தொழில் செய்வோருக்கே உகந்தவை. ஆம்னியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. ஆகவே இப்போது விலைக்கு வருவன யாவும் அதற்கு முற்பட்டவை என்பதையும் மனத்தில் கொள்க.

ஒரு வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தரகர் வாய்மொழியால் அறிய வேண்டியதில்லை. பதிவுச் சான்றில் சுமையற்ற எடையும், சுமையுடன் கூடிய மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால், ஓட்டுநர் உட்பட ஏற்றத்தக்க எடை வந்துவிடும்.

இடவசதி

அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்லுதல் நலம். துடுப்பு, கழி, பரிசல் ஆகியவற்றுள் மிக நீளமானதும் மிக அகலமானதும் எவையோ அவற்றை முதலில் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு வெளியே நீண்டிருக்கும் கழி, இருட்டில் பின்னால் வரும் சைக்கிள்காரரின் உயிருக்கே ஆபத்தாகும். சுமைத் தளம் தாழ்வாக இருந்தால் இருவர் சேர்ந்து எஞ்சினை எளிதில் ஏற்றிவிடலாம். உயரமாக இருந்தால் நாள்தோறும் மூன்றாம் ஆளைத் தேட நேரிடும்.

தளத்தின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடத்துப் பிசிறும், கிழிந்த தகட்டு ஓரமும் நைலான் வலையின் கண்களை அறுத்துவிடும். மூடிய வேனில் பெட்ரோல் கேன் வைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஆவி உள்ளேயே தங்கித் தீப்பற்றக் காரணமாகலாம். இவ்வகையில் திறந்த தளமுள்ள வண்டியே மேலானது.

உப்பின் வேலை

வாங்குவோர் பலரும் முதலில் வண்டியின் வர்ணத்தைப் பார்க்கின்றனர். பிறகு எஞ்சினைப் பார்க்கின்றனர். அடிப்புறத்தைப் பார்ப்பவர் சிலரே. கடற்கரைத் தொழிலுக்கு வாங்கும் வண்டியில் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் பழுதானால் பிரித்துச் சரிசெய்யலாம். அடிச்சட்டம் துருப்பிடித்து இற்றுவிட்டால், அந்த வண்டி இரும்புக் கடைக்கே உரியது.

பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீர் தளத்தின் இடுக்குகள் வழியே இறங்கி, அடிச்சட்டத்தின் மடிப்புகளில் தங்குகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் இரும்பு உலர்வதேயில்லை. மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு அரிக்கப்படுகிறது. ஆதலால் வண்டியை மேட்டில் நிறுத்தியோ, பட்டறைப் பள்ளத்தின் மேல் ஏற்றியோ, கைவிளக்குடன் கீழே பார்க்க வேண்டும். சிறு சுத்தியால் அடிச்சட்டத்தை மெல்லத் தட்டினால், நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும்; அரித்த இரும்பு மங்கிய ஒலி தரும், செதிலும் உதிரும். ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு இணையும் இடங்களைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சுமை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது.

அடிப்புறம் முழுவதும் அண்மையில் கறுப்பு வர்ணம் பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று வினவுதல் வேண்டும். கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு போய்ப் பட்டி பூசப்பட்டிருக்கிறது என்பது பொருள். சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் குழாய்கள் மெல்லிய இரும்பாலானவை. அவற்றில் துருப்புள்ளிகள் மேடிட்டிருந்தால் மாற்றாமல் ஓட்டுதல் கூடாது. நிறைந்த சுமையுடன் பிரேக்கை அழுத்தும் வேளையில்தான் அரித்த குழாய் வெடிக்கும். மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருப்பதும், ரேடியேட்டர் தகடுகள் தொட்டால் உதிர்வதும் உப்புக் காற்றின் அடையாளங்களே.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் இவற்றைப் போன்றவையே. 2015-ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் பல வண்டிகளை மூழ்கடித்தது. இருக்கைப் பட்டையை முழு நீளத்திற்கு இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் அடி ஆணிகளில் துருவும், விளக்குக் கண்ணாடிக்குள் நீர்த்துளியும் இருப்பின் ஐயுறுதல் வேண்டும்.

எஞ்சினும் ஓட்டமும்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கச் செல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் விடியற்காலை வருவதாகச் சொல்லிவிடலாம். ஓடும் எஞ்சினில் தொடர்ந்து நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருளோ காற்று வடிகட்டியோ சரியில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் போன்ற படிவு இருப்பதும் அதே ஐயத்தை எழுப்பும்.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. மணல் மூட்டைகளையோ ஆட்களின் சாமான்களையோ ஏற்றி, ஒரு பாலத்து ஏற்றத்தில் ஓட்ட வேண்டும். எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. சமதரையில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கலாகாது. டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அச்சையோ சட்டத்தையோ பரிசோதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது வீண் செலவன்று.

ஆவணங்கள்

அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐப் பெறாமல் பணம் தரலாகாது. பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் தெரிவித்தாக வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"பெயர் மாற்றம் பிறகு செய்துகொள்ளலாம்" என்ற வழக்கம் இரு தரப்பாருக்கும் தீங்கானது. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது.

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று இன்றியமையாதது. எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கான கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்த்தப்பட்டன. விலை மலிவு என்று மயங்குவோர் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குத் தனியே பெர்மிட் தேவையில்லை. இலகு ரக ஓட்டுநர் உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது.

ஆட்களை ஏற்றலாகாது

அதிகாலையில் வலையின் மேல் பத்துப் பேர் உட்கார்ந்து கரைக்குச் செல்வது பல ஊர்களில் காணும் காட்சி. திறந்த தளத்தில் பிடிமானம் இல்லை; வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தால் மனிதர் சாலையில் வீசப்படுவர். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்நிலையில் இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளரின் வீட்டையும் படகையும் தேடி வரும். சம்பாதிப்பவரை இழந்த குடும்பமும், கடனில் மூழ்கிய குடும்பமும் ஒரே தெருவில் இருக்கும். பதிவுச் சான்றில் காணும் இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதிருத்தலே அறிவுடைமை.

வாங்கிய பின்னர்

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடலாகாது. முதல் மாதத்தில் எண்ணெய், வடிகட்டிகள், பிரேக், பேட்டரி ஆகியவற்றுக்குச் செலவு வந்தே தீரும். அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். தளத்தில் ரப்பர் விரிப்பு இட்டு, வாரம் ஒருமுறை அதை எடுத்து உலர்த்த வேண்டும். வடிகால் துளைகளை அடைபடாமல் காக்க வேண்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவுவதே வண்டியின் ஆயுளை நீட்டிக்கும் மலிவான மருந்து.

இங்கு ஊராட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. மீன் இறங்குதளத்திற்கு அருகில், சரிவான ஒரு சிமெண்டுத் தளமும் நன்னீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்தால், ஊரிலுள்ள எல்லா வண்டிகளும் பயன்பெறும். தண்ணீர் அரிதான ஊர்களில் குடிப்பதற்கு உதவாத, உப்பற்ற கிணற்று நீரையே இதற்குப் பயன்படுத்தலாம். தனித்தனியே பழைய வண்டிகளை வாங்கிக் கடன்படுவதைவிட, நான்கைந்து படகுக்காரர் கூடியோ, தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ ஒரு நல்ல வண்டியை வாங்கி, முறை வைத்து, வரவு செலவை எழுதி நடத்துவது பலவகையிலும் சிறந்தது. ஊராட்சி உறுப்பினர்கள் இத்தகைய முயற்சிக்கு முன்னின்று வழிகாட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.